மழையில் கத்தும் சைக்கிள் டிஸ்க் பிரேக்: எந்த வரிசையில் சரி செய்வது

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். கடந்த வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில், பின்சக்கரத்து டிஸ்க் பிரேக் கத்தத் தொடங்கியது. சிக்னலில் பிரேக் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்த ஓலம் இருந்தது. முதல் கடையில் ரோட்டாரை, அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் உலோகத் தட்டை மாற்றினார்கள். ரோட்டாருக்கு 650 ரூபாயும் கூலிக்கு 300 ரூபாயும் கொடுத்தேன். நான்கே நாளில் சத்தம் திரும்பியது. இரண்டாவது கடையில் பேடை, அதாவது அந்தத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் சிறு வில்லைகளை மாற்றினார்கள். பேடுக்கு 350, கூலிக்கு 300. அதுவும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 1,600 ரூபாயும் மூன்று வாரமும் போனபிறகு நானே கழற்றி, துடைத்து, பொருத்தியபோது ஆன செலவு 660 ரூபாய். அதில் பாதிக்கு மேல் இன்னொரு ஜோடி பேடுக்கான விலை.

இரண்டு கடைக்காரர்களும் செய்த வேலையில் குறை இல்லை, வரிசைதான் தவறு. எண்ணெய் ஊறிய பழைய பேடு புதிய ரோட்டாரைக் கெடுத்தது. அப்படிக் கெட்டுப்போன ரோட்டாரைத் துடைக்காமலே புதுப் பேடைப் போட்டதால் அந்தப் பேடும் கெட்டது. புதிதாக டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கி, இந்த மழைக்காலத்தில் முதல்முறையாக இந்தச் சத்தத்தைக் கேட்கிறவர்கள் இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கீழ்க்காணும் படிகளை எழுதுகிறேன். என்னுடையது கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. ரோட்டார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு எங்கே முறை மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

1. கழற்றுவதற்கு முன் சத்தத்தை வகை பிரியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு பைசா செலவில்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் நான் தவறவிட்டது இதைத்தான்.

மழையில் டிஸ்க் பிரேக் சற்றுக் கத்துவது இயல்பு. பேடுக்கும் ரோட்டாருக்கும் இடையில் தண்ணீர்ப் படலம் இருக்கும்போது, பேடு ஒரே சீராக உரசாமல் பற்றிப் பற்றி வழுக்குகிறது. வயலின் வில் தந்தியைப் பற்றிப் பற்றி விடுவதால் ஒலி பிறப்பதைப் போல, இந்தப் பற்றலும் வழுக்கலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது ரோட்டாரும் ஸ்போக்கும் பிரேமும் சேர்ந்து அதிர்ந்து அந்த ஓலத்தைப் பெரிதாக்குகின்றன. பேடு ரோட்டாரைத் துடைத்து உலர்த்தியதும் சத்தம் அடங்கிவிடும். தண்ணீரால் மட்டும் வரும் இந்தச் சத்தத்தை முழுவதுமாக ஒழிக்க முடியாது, குறைக்க முடியும்.

அடங்காத சத்தம் வேறு. அது எது என்று தெரிந்துகொள்ள, மழை இல்லாத ஒரு நாளில் வாகனம் வராத இடத்துக்குப் போங்கள். முதலில் உலர்ந்த நிலையில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு குவளை சுத்தமான தண்ணீரை ரோட்டாரின் மீது ஊற்றிவிட்டு மீண்டும் அதையே செய்யுங்கள். கிடைக்கும் விடைகள் மூன்று வகையாக இருக்கும்.

உலர்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, தண்ணீர் ஊற்றியதும் கத்தி, சக்கரம் ஐந்து முதல் பத்துச் சுற்று சுற்றுவதற்குள் அடங்கினால், உங்கள் பிரேக் நலமாக இருக்கிறது. நீங்கள் 6, 8, 10 ஆகிய படிகளை மட்டும் படித்தால் போதும்.

உலர்ந்திருக்கும்போதும் கத்துகிறது, கூடவே பிடிப்பும் குறைந்திருக்கிறது, லீவரை அடிவரை இழுத்தாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால், அது எண்ணெய். இந்த நிலையில் சாலையில் ஓட்ட வேண்டாம். இங்கே சத்தம் சிறிய தொல்லைதான். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது என்பதே பெரிய ஆபத்து.

பிரேக் பிடிக்காதபோதே சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ‘சர்... சர்...’ என்று ஒரே இடத்தில் உரசினால், ரோட்டாரில் கோட்டம் இருக்கிறது, அல்லது காலிப்பர் (பேடுகளைத் தாங்கி ரோட்டாரை அழுத்தவைக்கும் பகுதி) நடுவில் இல்லை. நேராக ஆறாம் படிக்குப் போகலாம்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

வண்டி வாங்கிய பில்லையும் உத்தரவாத அட்டையையும் முதலில் தேடி எடுத்து, இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேடும் ரோட்டாரும் தேய்மானப் பொருள்கள் என்பதால் அவை பொதுவாக உத்தரவாதத்தில் வராது. ஆனால் காலிப்பரிலிருந்து எண்ணெய் கசிவதும், காலிப்பர் உட்காரும் இடம் சரியாகச் செதுக்கப்படாமல் இருப்பதும் தயாரிப்புக் குறைகள். அவற்றைக் கேட்டு வாங்க பில் வேண்டும்.

அடுத்து, காலிப்பரின் முதுகில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுங்கள். பேடின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும். ‘டிஸ்க் பிரேக் பேடு கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் பொருந்தாத ஒன்றுதான் கைக்கு வரும். பழைய பேடைக் கழற்றி உறையில் போட்டு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாருக்கு ஒருமுறை வெறுங்கையோடு போய்த் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் வாங்கியவை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 500 மி.லி. 280 ரூபாய், உப்புத்தாள் இரண்டு வகை 30 ரூபாய், பேடு ஒரு ஜோடி 350 ரூபாய். 5 மி.மீ. ஆலன் கீ வீட்டில் இருந்தது. ரோட்டாரின் ஆறு போல்ட்டுகளுக்கு டி25 அளவிலான நட்சத்திர முனைச் சாவி தேவை. அதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். இவற்றோடு, வேறு எதற்கும் பயன்படுத்தாத வெள்ளைப் பருத்தித் துணி கொஞ்சம் வேண்டும். பட்டறையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் ஏற்கெனவே கிரீஸ் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கவும். புதிய ரப்பர் கையுறை ஒரு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் பாட்டிலில் 90 விழுக்காட்டுக்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். கை சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று பலர் அதை ஊற்றுகிறார்கள். கை வறண்டுவிடாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அது ரோட்டாரில் படலமாகத் தங்கிவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துரு நீக்கும் ஸ்பிரே ஆகிய எதையும் ரோட்டாரின் அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம்.

3. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் துடைத்தால், அடுத்த மாதம் மீண்டும் துடைக்க வேண்டியிருக்கும்.

என் வண்டியில் எண்ணெய் வந்தது வாட்டர் சர்வீஸ் நிலையத்திலிருந்து. மழைச் சேறு அப்பியிருந்ததால் இருசக்கர வாகனங்களைக் கழுவும் ஒரு நிலையத்தில் சைக்கிளைக் கொடுத்திருந்தேன். ‘ஃபுல் பாலிஷ் போட்டிருக்கேன் சார், புதுசு மாதிரி இருக்கு பாருங்க’ என்று அங்கிருந்த பெரியவர் அன்போடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி உண்மையிலேயே பளபளத்தது. சில வாரங்கள் கழித்து அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்தேன். தண்ணீர் அடித்து முடித்ததும் ஒரு துப்பாக்கியால் டீசல் கலந்த எண்ணெயை வண்டி முழுவதும் மெல்லிய புகைபோலத் தெளித்தார்கள். டிரம் பிரேக் வைத்த மோட்டார் சைக்கிளில் பிரேக் உள்ளே மூடியிருப்பதால் பெரிய கெடுதல் நேராது. சைக்கிளின் டிஸ்க்கோ திறந்தவெளியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ரோட்டாரின் ஓட்டை விளிம்பை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தபோது, துணியில் கருமையும் அதைச் சுற்றிப் பழுப்பு வளையமும் படிந்தன. தண்ணீரால் வந்த அழுக்கு சாம்பல் நிறத்தில் காய்ந்துவிடும். வளையமாகப் பரவி ஈரமாகவே நிற்பது எண்ணெய்.

மற்ற வழிகளும் உண்டு. செயினுக்கு ஸ்பிரேயில் எண்ணெய் அடிக்கும்போது பின்சக்கர ரோட்டாரில் திவலை படும்; சொட்டுச் சொட்டாக விடும் குப்பிதான் பாதுகாப்பு. கையால் ரோட்டாரைத் தொட்டாலே தோலின் எண்ணெய் ஒட்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த வாகன எண்ணெய் மிதந்து வந்து சக்கரத்தில் தெறிக்கும். இவற்றைவிடக் கேடானது, கத்துகிற இடத்தில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும் என்ற யோசனை. பெடலுக்கும் ஸ்டாண்டுக்கும் அது சரி. பிரேக்கில் எண்ணெய் விட்டால் சத்தத்தோடு சேர்ந்து பிரேக்கே போய்விடும். யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலியானாலும், இதற்கு இணங்காதீர்கள்.

ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவர்கள் காலிப்பரின் உட்பக்கத்தையும் பாருங்கள். சுத்தம் செய்து புதுப் பேடு போட்ட சில நாளிலேயே பேடின் முதுகில் ஈரம் தெரிந்தால், பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் (சீல்) கசிகிறது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பில்லோடு கடைக்குப் போங்கள்.

4. ரோட்டாரைத் துடைத்தல்

சக்கரத்தைக் கழற்றி, ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, ரோட்டாரின் இரண்டு முகங்களையும் துடையுங்கள். துணி அழுக்கானதும் அதே பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர நீங்காது. ஒவ்வொரு தடவைக்கும் துணியின் புதிய பகுதி வேண்டும். ஓட்டைகளின் உள்விளிம்புகளை விட்டுவிடாதீர்கள், எண்ணெய் பதுங்குவது அங்கேதான். நான் ஆறு தடவை துடைத்தபிறகே துணி வெள்ளையாக வந்தது.

பிறகு 220 எண் உப்புத்தாளால் லேசாக, வட்டமாக, மினுமினுப்பு மட்டும் மங்கும் அளவுக்குத் தேய்த்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். சக்கரம் சுழலும்போது ஒருபோதும் இதைச் செய்ய வேண்டாம்; ரோட்டாரின் ஓட்டைகள் விரலை வெட்டிவிடும்.

5. பேடைக் கழற்றிப் பார்த்தல்

பேடைப் பிடித்திருக்கும் ஊசியையோ போல்ட்டையோ எடுத்தால் இரண்டு பேடும், இடையிலுள்ள ஸ்பிரிங்கும் வெளியே வரும். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடித்துவிட்டால் பிஸ்டன்கள் முன்னால் வந்து நின்றுகொள்ளும், மீண்டும் தள்ளி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும்.

பேடின் முகம் கண்ணாடிபோல் மின்னினால், அது சூட்டில் இறுகியிருக்கிறது. சமதளமான தரை ஓட்டில் 120 எண் உப்புத்தாளை விரித்து, பேடின் முகத்தை அதன்மேல் வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் மங்கலான புது முகம் வரும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்துச் செய்யவும்.

எண்ணெய் ஊறிய பேடு வேறு கதை. முகம் கருத்து, தேய்த்தபிறகும் ஈரப்பசையோடு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும் என்று நம்பி நானும் ஒரு ஜோடியைத் தோசைக்கல்லில் போட்டுப் பார்த்தேன். வீடெல்லாம் புகை வந்ததே தவிர பேடு திருந்தவில்லை. பிசினால் ஆன பேடு அந்தச் சூட்டில் உள்ளுக்குள் உதிர்ந்துபோகவும் கூடும். 350 ரூபாயை மிச்சப்படுத்த பிரேக்கைப் பணயம் வைக்க வேண்டாம்.

உலோகத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் உரசும் பகுதி 0.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தாலும் பேடை மாற்றிவிடவும். மழைச் சேற்றில் மணல் கலந்திருப்பதால், வெயில் காலத்தில் பல மாதம் வந்த பேடு மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடலாம். ரோட்டாரையும் இப்போதே பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஷிமானோ ரோட்டார் புதிதாக இருக்கும்போது 1.8 மி.மீ., 1.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும்.

6. போல்ட்டு, நடுவாக்கம், கோட்டம்

எண்ணெயே இல்லாத பிரேக்கும் ஏதேனும் ஒன்று தளர்ந்திருந்தால் கத்தும். சக்கரத்தின் அச்சு இறுகியிருக்கிறதா, ரோட்டாரின் ஆறு போல்ட்டும் காலிப்பரின் இரண்டு போல்ட்டும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ரோட்டார் போல்ட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். காலிப்பர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது சிறிய ஆலன் கீயை இரண்டு விரலால் உறுதியாக இழுக்கும் அளவு; உடல் எடையைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

நடுவாக்க, காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். லீவரை அழுத்திப் பிடித்தபடியே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். கேபிள் பிரேக்குகளில் பலவற்றில் ஒரு பக்கத்துப் பேடு மட்டுமே நகரும். சக்கரத்தின் பக்கமுள்ள மற்றது நிலையாக நிற்கும். அந்த நிலையான பேடைத் திருகி ரோட்டாரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தபிறகே நடுவாக்க வேண்டும். புதியவர்கள் இதை விட்டுவிடுவதால் ஒவ்வொரு முறையும் ரோட்டார் ஒருபக்கமாக வளைந்து அதிர்கிறது. முடித்தபின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால், ரோட்டாரின் இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும்.

ரோட்டாரில் கோட்டம் இருந்தால், அதை எடுக்கும் கவைக்கருவியால் மிகச் சிறிது சிறிதாக வளைக்கலாம். முதல்முறை செய்பவர்கள் கடையில் கொடுப்பதே மேல்.

7. புதுப் பேடைப் பழக்குதல்

நான் போன இரண்டு கடையிலும் செய்யாத வேலை இது, அவசரமாக வண்டியை வாங்கிக்கொண்டு போகும் நாமும் செய்வதில்லை. புதுப் பேடிலிருந்து மெல்லிய ஒரு படலம் ரோட்டாரில் சீராக ஏறிய பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று பற்றும். அது ஏறாத பேடு, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், முதல் மழையிலேயே கத்தும்.

உலர்ந்த சாலையில் சுமார் 20 கி.மீ. வேகத்தில் போய், ஒரே சீரான அழுத்தத்தில் பிரேக் பிடித்து நடைவேகத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். முழுவதும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பேடு நின்ற இடத்தில் மட்டும் தடித்த படலம் ஒட்டி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அதிரும். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடவும் கூடாது. இப்படி இருபது முறை செய்தபின், இன்னும் சற்று வேகத்தில் பத்து முறை செய்யுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முதல் சில பிடிப்பில் பிரேக் இருப்பதே தெரியாது, பத்தாவது முறைக்குப் பக்கத்தில் லீவரில் கனம் ஏறுவதை விரல் உணரும். தரமணியின் ஓர் உட்சாலையில் காலை ஐந்தரை மணிக்கு இதைச் செய்தேன். இரண்டு சக்கரத்துக்குமாக முக்கால் மணி நேரம் ஆனது. முடித்த உடனே ரோட்டாரைத் தொட வேண்டாம், சுடும்.

ஈரச் சாலையில் இது பலிக்காது. அதனால்தான் நாள் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பதால், செப்டம்பர் இறுதிக்குள் முடித்துவிடுவது நல்லது. தவறவிட்டால் ஒரு மழைச் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் வரும் உலர்ந்த இரண்டு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. மழைக்கு எந்தப் பேடு

பிசின் கலந்த பேடு உலர்ந்த நிலையில் அமைதியாக இருக்கும், ஈரத்திலும் மணலிலும் சீக்கிரம் தேயும். உலோகத் துகளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேடு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் வரும், ஆனால் சத்தம் அதிகம். இரண்டும் கலந்த அரை உலோகப் பேடு நடுவில் நிற்கும். நகருக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்வருபவர்களுக்கு நான் பிசின் பேடையே சொல்வேன். கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தடிமனைப் பார்த்தால் போதும். சில ரோட்டார்களில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருப்பார்கள். அவற்றோடு சின்டர்டு பேடைப் போட்டால் ரோட்டார் வேகமாகத் தேய்ந்துவிடும். பேடை வகை மாற்றும்போது ரோட்டாரை மீண்டும் துடைத்து, ஏழாம் படியையும் மீண்டும் செய்ய வேண்டும்.

9. கடைக்குக் கொடுப்பதானால்

சத்தத்தைக் கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். கடை வாசலில் வண்டி உலர்ந்து அமைதியாக நிற்கும். முதல் படியில் கிடைத்த விடையைச் சொல்லுங்கள். ‘அண்ணே, பேடு மாற்றும்போது ரோட்டாரையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், அதன் பக்கத்தில் ஸ்பிரே அடிக்க வேண்டாம்’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன மாற்றினார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்கி, கழற்றிய பழைய பாகங்களையும் திரும்பக் கேளுங்கள். பேடைப் பழக்கித் தருவார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அதை நீங்கள் செய்துகொள்ளலாம்.

ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றச் சொன்னால், எந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். டாட் (DOT) எனப்படும் வேறு வகை பிரேக் திரவம் அதில் போனால் உள்ளேயுள்ள சீல்கள் கெட்டுவிடும். டாட் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயிலை ஊற்றினாலும் அதே கதிதான்.

10. மழை நாளில்

வீட்டிலிருந்து கிளம்பியதும், வாகன நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து நான்கைந்து சுற்று உரசவிடுங்கள். மழையிலோ தேங்கிய நீரிலோ ஓட்டியபின், சிக்னலுக்கு ஐம்பது மீட்டர் முன்பே மீண்டும் அப்படிச் செய்தால், தண்ணீர் துடைக்கப்பட்டு ஓலமும் வராது, நிற்க வேண்டிய இடத்தில் பிடிப்பும் இருக்கும்.

வீடு திரும்பியதும் ஒரு குவளை வெறும் தண்ணீரைக் காலிப்பரின் மேலிருந்து ஊற்றி மணலைக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், அழுத்தமான பைப்பு வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தம் சக்கர அச்சின் கிரீஸை வெளியே தள்ளி ரோட்டாருக்கு அனுப்பிவிடும். செயினுக்கு எண்ணெய் விடுவதானால் ரோட்டாரின் மேல் ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றிவிட்டு, சொட்டாக விட்டு, மிகுந்ததைத் துடைத்தபிறகே செய்தித்தாளை எடுங்கள். வண்டியைக் கழுவக் கொடுக்க நேர்ந்தால், தண்ணீர் மட்டும் போதும், பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.